பள்ளிக்கூடமும் காசநோய்ச் சோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நோய்களின் வரலாறு மருத்துவ நூலார்க்கே உரியது என்று கருதி, வரலாற்று ஆசிரியர் அதனை ஒதுக்கிவைத்தல் நெடுங்கால வழக்கம். ஆயினும், ஒரு நோயை ஒரு நாடு எவ்வாறு எதிர்கொண்டது, அதன்பொருட்டு யாரை ஆராய்ந்தது, யாரிடம் இசைவு கேட்டது, யாரிடம் கேளாது விடுத்தது என்பன மருத்துவம் மட்டும் பற்றிய வினாக்கள் அல்ல. அவை அரசுக்கும் குடிகளுக்கும் இடையே நிலவும் உறவு பற்றிய வினாக்கள். ஆதலின் அவை வரலாற்றுக்கும் உரியனவே.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் காசநோய்ச் சோதனை பள்ளிக்கூடத்தினுள் நுழைந்தது. ஒரே கூரையின்கீழ் நூற்றுக்கணக்கான சிறார் நாள்தோறும் கூடுவது பள்ளியில்தான். அவர்தம் பெயரும் அகவையும் பதிவேட்டில் உள்ளன. வருக என்றால் வருவர். வரிசையில் நில் என்றால் நிற்பர். இவ்வெளிமையே பள்ளியைச் சோதனைக் களமாக்கிற்று. பின்னாளில் எழுந்த பூசலுக்கும் இவ்வெளிமையே காரணமாயிற்று.

பள்ளிச் சோதனையில் இருவேறு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. 'யாருடைய உடலில் கிருமி புகுந்துள்ளது?' என்பது ஒன்று. 'யாரிடமிருந்து கிருமி பரவுகின்றது?' என்பது மற்றொன்று. முதல் வினாவின் விடை பெரும்பாலும் மாணாக்கரிடம் உள்ளது. இரண்டாம் வினாவின் விடை பெரும்பாலும் வயது வந்தோரிடம் உள்ளது. இவ்விரண்டும் எவ்வாறு கலந்தன, எவ்வாறு பிரிந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோயின் பெயர்கள்

தமிழில் இந்நோய்க்கு வழங்கும் பெயர்கள் பல. 'காசம்' என்பது இருமலைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. 'கயம்', 'சயம்' என்பன தேய்வைக் குறிக்கும் 'க்ஷயம்' என்னும் வடசொல்லின் திரிபுகள். 'என்புருக்கி', 'எலும்புருக்கி' என்பன மக்கள் வழக்கில் நிலைபெற்ற தமிழ்ப் பெயர்கள். இவற்றுள் முதற்பெயர் நோயின் ஒலியையும், அடுத்தவை நோயாளியின் மெலிவையும், இறுதியில் நின்றவை அம்மெலிவு கண்டார் நெஞ்சில் எழுப்பிய அச்சத்தையும் காட்டுகின்றன.

இப்பெயர்கள் யாவும் வெளிப்பட்ட நோயையே சுட்டுகின்றன என்பது ஈண்டுக் கருதத்தக்கது. இருமலும் இளைப்பும் கண்ட பின்னரே மக்கள் இதனை நோய் என்று அழைத்தனர். இருமலோ இளைப்போ இல்லாத, ஓடியாடித் திரியும் ஒரு சிறுவனின் உடலில் இந்நோயின் வித்து உறங்கிக் கிடக்கக்கூடும் என்னும் கருத்துக்கு மக்கள் மொழியில் பெயரே இல்லை. அறிவியல் இக்கருத்தைக் கண்டபோது, அதனை மக்கட்கு விளக்குவது எளிதாக இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 'கிருமி உள்ளது, ஆயினும் நோய் இல்லை' என்னும் தொடர் கேட்பார்க்கு முரணாகவே ஒலித்திருக்கும்.

2. தோலில் தோன்றிய சான்று

காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் 1882 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24 ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தார். 1890 ஆம் ஆண்டில் அவர் அந்நுண்ணுயிரிலிருந்து எடுத்த சாற்றை நோய் தீர்க்கும் மருந்து என்று வெளியிட்டார். டியூபர்குலின் என்று பெயர்பெற்ற அச்சாறு நோயைத் தீர்க்கவில்லை. நம்பிவந்த நோயாளிகள் ஏமாற்றமே எய்தினர். சிலர்க்குக் கேடும் விளைந்தது. ஆயினும் மருந்தாகத் தோற்ற அது, பின்னர்ச் சோதனைக் கருவியாக வென்றது.

வியன்னா நகரில் குழந்தை மருத்துவராக விளங்கிய கிளெமென்ஸ் வான் பிர்க்கே, 1907 ஆம் ஆண்டில் இச்சாற்றைத் தோலின்மேல் இட்டுக் கீறிப் பார்த்தார். முன்னரே கிருமி புகுந்த உடலாயின், ஓரிரு நாளில் அவ்விடம் சிவந்து தடித்தது. கிருமி புகாத உடலாயின் மாற்றம் ஒன்றும் தோன்றவில்லை. மறு ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் சார்ல்ஸ் மாந்து, சாற்றை அளந்து தோலினுள் ஊசியால் செலுத்தும் முறையைக் கொணர்ந்தார். அம்முறை இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இச்சோதனை காட்டிய உண்மை மருத்துவ உலகைத் திகைக்கவைத்தது. வறியோர் செறிந்து வாழ்ந்த வியன்னாவில், ஹாம்பர்கர், மோன்டி என்னும் இருவர் 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பதினான்கு அகவையை எய்துமுன் சிறாருள் பத்தில் ஒன்பது பங்கினர்க்கு மேற்பட்டோர் கிருமியை ஏற்றிருந்தனர். அவருள் பெரும்பாலோர் நோயுற்றவராகத் தோன்றவில்லை. கிருமி புகுதல் வேறு, நோய் தோன்றுதல் வேறு என்பது இதனால் தெளிவாயிற்று. கிருமி புகுந்தோருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே தம் வாழ்நாளில் நோயுறுவர் என்பது இற்றை அறிவு.

இனி, இளஞ்சிறாரின் காசநோய் பற்றிய மற்றோர் உண்மையும் உண்டு. அவர்தம் நுரையீரலில் கிருமிகள் எண்ணிக்கையில் குறைவு. அவர்தம் இருமலும் வலிமை குன்றியது. ஆதலின் இளஞ்சிறார் பிறர்க்கு நோயைப் பரப்புதல் அரிது. ஒரு சிறுவனின் கையில் தடிப்புத் தோன்றின், அவனைச் சூழ்ந்த வயது வந்தோருள் ஒருவர் கிருமியை உமிழ்ந்துகொண்டிருந்தார் என்பதே அதன் பொருள். அவர் வீட்டிலுள்ள பாட்டனாராக இருக்கலாம், அண்டை வீட்டாராக இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். தடிப்பு சிறுவனின் தோலில் தோன்றினும், அது சுட்டும் திசை வேறு.

3. மருந்தில்லாக் காலத்துச் சோதனை

இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் இந்நோய்க்கு மருந்தில்லை. நோயைக் கண்டறிந்தபின் செய்யத்தக்கது பிரித்துவைத்தல் ஒன்றே. பிரான்சு நாட்டில் கிராஞ்சே என்னும் மருத்துவர் 1903 ஆம் ஆண்டில் ஓர் அமைப்பை நிறுவி, காசநோயுற்ற பெற்றோரின் நலமுள்ள குழந்தைகளை நாட்டுப்புறக் குடும்பங்களில் வளர்க்கச் செய்தார். பெர்லினை அடுத்த சார்லாட்டன்பர்க்கில் 1904 ஆம் ஆண்டில் மெலிந்த சிறார்க்கெனக் காட்டினிடையே ஒரு திறந்தவெளிப் பள்ளி தோன்றிற்று. அமெரிக்காவின் பிராவிடன்சு நகரில் 1908 ஆம் ஆண்டில் இத்தகைய பள்ளியொன்று தொடங்கப்பெற்றது. குளிர்காலத்திலும் பலகணிகளைத் திறந்துவைத்து, போர்வைக்குள் இருந்த சிறார்க்குப் பாடம் கற்பித்தனர்.

இம்முயற்சிகளின் அன்பை மறுப்பார் இலர். ஆயினும், சோதனையின் விளைவாகச் சிறுவனே வீட்டினின்றும் பள்ளியினின்றும் அகற்றப்பட்டான் என்பதையும் மறத்தல் ஆகாது. கண்டறிதலுக்கும் தீர்த்தலுக்கும் இடையே மருந்து இல்லாதபோது, கண்டறிதல் என்பது பிரிவினைக்கு முன்னுரையாகவே முடிந்தது.

தமிழ் நாட்டிலும் நிலை இதுவே. தாம்பரத்தில் மருத்துவர் சௌரிமுத்து 1928 ஆம் ஆண்டில் நிறுவிய காசநோய் மருத்துவமனையும், தென்னிந்தியக் கிறித்தவத் திருச்சபைகள் கூடி மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரத்தில் நடத்திய மருத்துவமனையும் நல்ல காற்று, ஓய்வு, உணவு ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருந்தன. புதுமைப்பித்தன் இந்நோய்க்கு இரையானது 1948 ஆம் ஆண்டில். அப்போது அவர்க்கு அகவை நாற்பத்திரண்டு. அமெரிக்காவில் சில ஆண்டுகட்கு முன்னரே கண்டறியப்பட்ட ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்தின் பயனை முறையாக ஆய்ந்த பிரித்தானிய அறிக்கை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். தமிழ்ச் சிறுகதை தன் பெரும் படைப்பாளியை இழந்த அவ்வாண்டிலேயே, சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் காசநோய்த் தடுப்பு மருந்தைச் செய்யும் ஆய்வகமும் தோன்றிற்று.

4. டென்மார்க்குப் பள்ளி: 1943

பள்ளிச் சோதனையின் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பெறுவது டென்மார்க்கு நாட்டில் 1943 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியாகும். அதனை ஆராய்ந்து எழுதியவர் ஹீகே என்னும் மருத்துவர். ஓர் அரசுப் பள்ளியில் மாணாக்கர் அனைவரும் முன்னரே டியூபர்குலின் சோதனைக்கு உட்பட்டிருந்தனர். கிருமி புகாதவருள் ஒரு பகுதியினர் பி.சி.ஜி. ஊசி குத்தப்பெற்றிருந்தனர், மற்றொரு பகுதியினர் குத்தப்பெறவில்லை. போர்க்காலமாதலின் காற்றோட்டம் குன்றிய இடத்தில் பாடம் நிகழ்ந்தது. ஆசிரியர் ஒருவர்க்கு நுரையீரலில் காசநோய் இருந்தது. அதனை எவரும் அறியவில்லை.

விளைவு கடுமையாயிற்று. ஊசி குத்தப்பெறாது, முன்னர்க் கிருமியும் ஏற்காதிருந்து, அவ்வாசிரியரிடம் பயின்ற 94 பேருள் 41 பேர் நோயுற்றனர். ஊசி குத்தப்பெற்று அதே சூழலில் இருந்த 106 பேருள் நோயுற்றோர் இருவரே. ஹீகே அம்மாணாக்கரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, 1956 ஆம் ஆண்டில் மீண்டும் எழுதினார்.

இந்நிகழ்ச்சி இரு பாடங்களைப் புகட்டுகின்றது. தடுப்பூசி பயன்தரும் என்பது ஒன்று. ஓர் ஆசிரியரின் அறியப்படாத நோய் ஒரு வகுப்பையே தாக்கும் என்பது மற்றொன்று. உலக அரங்கில் இப்பள்ளி பி.சி.ஜி.யின் ஆற்றலுக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்பட்டது. இரண்டாம் பாடம் அதன் நிழலில் நின்றது. மாணாக்கர் அனைவரும் சோதிக்கப்பெற்றிருந்த பள்ளியில், நோய் ஆசிரியர் வழியே நுழைந்தது என்பதே இந்நிகழ்ச்சியின் உள்ளீடு. மாணாக்கரின் கைகளைப் பார்த்த கண்கள் ஆசிரியரின் மார்பைப் பார்க்கத் தவறின.

5. இந்தியப் பள்ளிகளில் ஊசி இயக்கம்

பிரான்சு நாட்டுக் கால்மெட், கெரான் என்னும் இருவர் ஆக்கிய பி.சி.ஜி., மனிதர்க்கு முதன்முதல் 1921 ஆம் ஆண்டில் அளிக்கப்பட்டது. செருமனியின் லூபெக் நகரில் 1930 ஆம் ஆண்டில், ஆய்வகத்தில் நேர்ந்த கலப்பால் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்த மருந்தைப் பருகிய குழந்தைகளுள் 72 பேர் மாண்டனர். பிழை பி.சி.ஜி.யினது அன்று என்று பின்னர் உறுதிப்பட்ட போதிலும், அந்நிகழ்ச்சியின் நினைவு நெடுங்காலம் மறையவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப்பின், டென்மார்க்கு, நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் தொண்டு அமைப்புகளும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் கூடி அனைத்துலகக் காசநோய் இயக்கத்தை 1948 முதல் 1951 வரை நடத்தின. அதன்கீழ் ஏறத்தாழ 3 கோடிப் பேர் சோதிக்கப்பெற்றனர். அவருள் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர்க்கு ஊசி குத்தப்பெற்றது. இந்தியா அந்நாடுகளுள் ஒன்று. இந்திய அரசு 1948 ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் முடிவை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே பணியைத் தொடங்கிற்று. 1949 ஆம் ஆண்டில் பணி பெரும்பாலான மாநிலங்களின் பள்ளிகட்கு விரிந்தது. 1951 ஆம் ஆண்டு முதல் அது பெருந்திரளான மக்களுக்குரிய இயக்கமாக வளர்ந்தது.

பணியின் முறை இது: ஊசி குத்தும் குழு பள்ளிக்கு வந்து முதல்நாள் ஒவ்வொரு மாணாக்கரின் கையிலும் டியூபர்குலின் செலுத்தும். மூன்றாம் நாள் மீண்டும் வந்து, தடிப்பு உளதா என்று அளந்து பார்க்கும். தடிப்பு இல்லாதார்க்கு மட்டும் பி.சி.ஜி. குத்தும். தடிப்பு உள்ளாரை விட்டுவிடும். முதல்நாள் வந்த சிறுவன் மூன்றாம் நாள் வாராவிடின் சோதனை வீண். ஆதலின் நாள்தோறும் வருகை பதியும் பள்ளியே இப்பணிக்கு ஏற்ற இடமாயிற்று.

ஈண்டு ஒரு முரண் உண்டு. தடிப்பு உள்ளார் என்று அறிந்தபின், அவரைப்பற்றி இயக்கம் மேற்கொண்டு கேட்டது மிகக் குறைவு. அச்சிறாரிடம் நோய் வெளிப்பட்டுள்ளதா, அவர்தம் வீட்டில் இருமுவோர் யார், பள்ளியில் இருமுவோர் யார் என்னும் வினாக்கட்கு இயக்கத்தின் அமைப்பில் இடமில்லை. சோதனை, ஊசி குத்தத்தக்கார் யார் என்று பிரிப்பதற்குரிய சல்லடையாகவே பயன்பட்டது. நோயின் ஊற்றைத் தேடும் விளக்காக அது ஏற்றப்படவில்லை. மேலும், மண்ணிலும் நீரிலும் வாழும் தீங்கற்ற பிற நுண்ணுயிர்களாலும் தோலில் சிறு தடிப்புத் தோன்றக்கூடும். தென்னிந்தியாவில் இத்தகைய தடிப்பு மிகுதியாகக் காணப்பெற்றது. ஆகவே தடிப்பைப் படித்துப் பொருள் கொள்ளுதல் ஐரோப்பாவிற் போல் இங்கு எளிதாக இல்லை.

6. இராசாசியின் மறுப்பு

இவ்வியக்கத்தை எதிர்த்தோருள் தலையாயவர் இராசகோபாலாச்சாரியார். அரசு 1948 ஆம் ஆண்டில் இம்முயற்சியைத் தொடங்கியபோது அவர் இந்தியாவின் தலைமை ஆளுநர் பதவியை ஏற்றிருந்தார்; 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்தார். பதவி துறந்தபின் 1955 ஆம் ஆண்டில் பி.சி.ஜி.யைத் தாம் எதிர்ப்பதற்குரிய காரணங்களை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நடுவண் அரசின் சுகாதார அமைச்சராக இருந்த இராசகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்தை உறுதியாக ஆதரித்தார். இருவரும் காந்தியடிகளின் அணுக்கத் தொண்டர். ஒரு பாசறையில் வளர்ந்த இருவர் ஓர் ஊசியின்பொருட்டு எதிரெதிர் நின்றனர் என்பது நோக்கத்தக்கது.

எதிர்ப்பாளர் எழுப்பிய தடைகளை மூன்றாகத் தொகுக்கலாம். நலமுள்ள குழந்தையின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துதல் தகுமா என்பது ஒன்று. ஊசியின் பயன் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டுள்ளதா என்பது இரண்டு. கோடிக்கணக்கானோர்க்கு விரைந்து குத்தும்போது பெற்றோரின் விருப்பம் பெயரளவினதாகிவிடாதா என்பது மூன்று.

இவற்றைக் காலம் எவ்வாறு தீர்த்தது? முதல் தடைக்கு விடை தெளிவு. பி.சி.ஜி. உடல்நலமுள்ள குழந்தைகட்குப் பெருந்தீங்கு விளைக்கும் என்னும் அச்சம் மெய்யாகவில்லை. பிறந்த குழந்தைகட்கு அதனை அளித்தல், மூளையுறையைத் தாக்கும் காசநோயினின்றும் உடலெங்கும் பரவும் காசநோயினின்றும் அவர்களைக் காக்கின்றது என்பது இன்று ஏற்கப்பட்ட முடிபு. இவ்வகையில் இராசாசியின் அச்சம் மிகையானது.

இரண்டாம் தடைக்குரிய விடை அவ்வளவு எளிதன்று. பிரித்தானியாவில் பள்ளியிறுதி வகுப்பினர் ஐம்பதாயிரவர்க்கு மேற்பட்டோரிடை 1950 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு, பி.சி.ஜி. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காப்பளிக்கின்றது என்று காட்டிற்று. ஆயின், தமிழ் நாட்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 ஆம் ஆண்டில் தொடங்கிய பேராய்வின் முடிவு வேறாயிற்று. வயது வந்தோரின் நுரையீரற் காசநோயைப் பி.சி.ஜி. அங்குத் தடுக்கவில்லை என்று 1979 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய பின்னரும் இம்முடிவு மாறவில்லை. சிறாரிடம் மட்டும் சிறிதளவு காப்புக் காணப்பெற்றது. பயன் இடத்திற்கு இடம் வேறுபடும் என்பதே இதனின்று பெற்ற பாடம். இராசாசி 1972 ஆம் ஆண்டிலேயே மறைந்தமையின் இம்முடிவைக் காணவில்லை. அவர் கொண்ட முடிபு முழுவதும் சரி என்றோ, முழுவதும் தவறு என்றோ கூறுதற்கில்லை. ஆயினும் அவர் சான்று கேட்டது தவறன்று.

மூன்றாம் தடை மருத்துவ ஆய்வால் தீர்வதன்று. பள்ளியில் கூடிய சிறுவன் ஆசிரியரின் சொல்லை மீறான். ஆசிரியர் மேலதிகாரியின் ஆணையை மீறார். இத்தகைய இடத்தில் விருப்பம் என்பது யாருடைய விருப்பம்? இவ்வினாவை எழுப்பியதே அவ்வெதிர்ப்பின் நிலைத்த பயன் எனலாம்.

7. மருந்து வந்தபின்

ஐசோனியசிட் என்னும் மருந்து 1952 ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. இதன்பின் கண்டறிதலும் தீர்த்தலும் ஒன்றையொன்று தொடரலாயின. சென்னையில் 1956 ஆம் ஆண்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தோன்றிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், சென்னை அரசும், உலக நல நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் அதனைக் கூடி நிறுவின. வீட்டிலிருந்து மருந்துண்ணும் ஏழை நோயாளியும், மருத்துவமனையில் படுத்திருந்து மருந்துண்ணும் நோயாளியும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெறுகின்றனர் என்று 1959 ஆம் ஆண்டில் அம்மையம் உலகிற்கு அறிவித்தது. வீட்டிலிருந்து மருந்துண்டோரின் குடும்பத்தார்க்கு அதனால் மிகுந்த இடர் நேரவில்லை என்பதும் புலனாயிற்று.

பள்ளிச் சோதனையின் வரலாற்றில் இக்கண்டுபிடிப்பு பெறும் இடம் பெரிது. மருந்துண்ணத் தொடங்கிய நோயாளியிடமிருந்து நோய் பரவும் இடர் விரைவில் குறைகின்றது. ஆகவே, நோய் கண்ட ஆசிரியரை வாழ்நாள் முழுதும் விலக்கிவைக்கவேண்டும் என்னும் பழைய எண்ணத்திற்கு அடிப்படை இல்லாமற் போயிற்று. கிருமி புகுந்தும் நோயுறாத சிறார்க்கு ஐசோனியசிட் அளித்து நோய் தோன்றாமற் காக்கலாம் என்பதை 1955 முதல் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின. அதனால் கையில் தோன்றும் தடிப்பு அச்சத்திற்குரிய குறியாக மட்டும் நில்லாமல், உதவிக்குரிய குறியாகவும் மாறிற்று.

8. எல்லாரையும் சோதித்தல் குறைந்த வரலாறு

பிரேசில் நாட்டு மருத்துவர் மனோயெல் தெ அப்ரேயு 1936 ஆம் ஆண்டில், சிறு படத்தகட்டில் மார்பை ஊடுகதிரால் படம்பிடிக்கும் முறையை வகுத்தார். செலவு குறைந்தது, ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரைப் படம்பிடித்தல் இயன்றது. பல நாடுகளில் ஊடுகதிர் வண்டிகள் தொழிற்சாலைகட்கும் பள்ளிகட்கும் சென்றன. ஆசிரியரும் பிற பணியாளரும் படம் எடுத்துக்கொள்ளல் வேண்டும் என்னும் விதி பல இடங்களில் எழுந்தது.

பெங்களூரில் 1959 ஆம் ஆண்டில் தோன்றிய தேசியக் காசநோய் நிலையத்தின் ஆய்வாளர் பானர்ஜி, ஆண்டர்சன் ஆகிய இருவரும் 1963 ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். கிருமியைப் பரப்பும் நிலையில் இருந்த நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் தாமே மருத்துவ நிலையங்களை நாடிச் சென்றிருந்தனர். அங்கே அவர்தம் இருமலைக் காசநோய் என்று உணர்ந்தார் இலர். குறை நோயாளியிடம் இல்லை. அவரை வரவேற்ற இடத்தில் இருந்தது. ஆதலின் ஊர் முழுவதையும் வண்டியில் சென்று படம்பிடிப்பதனினும், நாடி வருவோரின் சளியைச் சோதித்தலே நன்று என்னும் கொள்கை வலுப்பெற்றது. உலக நல நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் வரையறையின்றி எல்லாரையும் படம்பிடிக்கும் முறையைக் கைவிடுமாறு 1974 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

பள்ளிச் சோதனையும் இவ்வாறே மாறிற்று. இந்தியாவில் முன்சோதனையின்றியே பி.சி.ஜி. குத்தும் வழக்கம் வந்தது. பின்னர் அது பிறந்த குழந்தைகட்கு உரியதாயிற்று. பிரித்தானியாவில் 1953 முதல் பதின்மூன்று அகவையுடைய பள்ளிச் சிறார்க்கு நடந்துவந்த சோதனையும் ஊசியும் 2005 ஆம் ஆண்டில் நிறுத்தப்பெற்றன. சப்பானில் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பள்ளிகளில் நடந்துவந்த டியூபர்குலின் சோதனை 2003 ஆம் ஆண்டில் கைவிடப்பெற்றது. அதன் இடத்தில், நோயாளியோடு பழகிய சிறார் யார், நெடுநாள் இருமுவார் யார் என்று வினாத்தாள் வாயிலாகக் கேட்டறியும் முறை வந்தது. நோய் அருகிய நாட்டில் எல்லாரையும் சோதிப்பின் மெய்க் குறியினும் பொய்க் குறியே மிகும் என்பது இம்மாற்றத்திற்குரிய காரணங்களுள் ஒன்று.

9. ஆசிரியரும் பணியாளரும்

இறுதியாக, பள்ளியின் வயது வந்தோர்பால் திரும்புவோம். ஆசிரியர், எழுத்தர், சமையற்பணியாளர், காவலர் ஆகியோர் அனைவரும் சிறாரோடு ஒரே காற்றைப் பகிர்கின்றனர். பணியில் அமரும்போது உடற்றகுதிச் சான்று பெறுதல் நெடுங்கால வழக்கம். அச்சான்று அன்றைய நிலையை மட்டுமே காட்டும். பத்தாண்டு கழித்துத் தோன்றும் இருமலை அது அறியாது.

நெடுநாள் இருமும் ஆசிரியர் ஒருவர் மருத்துவரிடம் செல்லத் தயங்குவாராயின், அத்தயக்கத்தின் காரணத்தை நாம் ஆராய்தல் வேண்டும். நோய் என்று தெரிந்தால் ஊதியம் நிற்குமோ, பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்ப மறுப்பரோ, உடனுழைப்போர் விலகி அமர்வரோ, வீட்டில் மகளின் திருமணம் தடைப்படுமோ என்னும் அச்சங்கள் அவரைச் சூழ்கின்றன. சோதனை தண்டனையாகத் தோன்றும் இடத்தில் மக்கள் சோதனையினின்று மறைவர். மறைந்த இருமலே வகுப்பறைக்குத் தீங்கு செய்வது. ஆதலின் நோயுற்ற பணியாளர்க்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பும், நலம்பெற்றபின் அதே பணிக்குத் திரும்பும் உறுதியும் அளித்தல், அவர்பால் காட்டும் இரக்கம் மட்டும் அன்று. மாணாக்கரைக் காக்கும் வழியும் அதுவேயாகும்.

இற்றை முறையும் இக்கருத்தையே தழுவி நிற்கின்றது. பள்ளியில் ஒருவர்க்கு நோய் கண்டால், அவரோடு நெருங்கிப் பழகினோரை முதலிலும், பிறரை அடுத்தும் ஆராய்வர். கல்லெறிந்த குளத்தில் அலை விரிவதுபோல் ஆய்வும் வட்டம் வட்டமாக விரியும். உள்வட்டத்தில் கிருமி புகுந்தோர் மிகுதியாயின் அடுத்த வட்டத்திற்குச் செல்வர், இல்லையாயின் நிறுத்துவர். பி.சி.ஜி. குத்தப்பெற்றதனால் தோன்றும் குறியை, கிருமி புகுந்ததனால் தோன்றும் குறியினின்று பிரித்தறியும் இரத்தச் சோதனைகளும் இன்று உள்ளன. இந்தியாவில் 2012 ஆம் ஆண்டு முதல் காசநோயாளர் பற்றி அரசுக்கு அறிவித்தல் கட்டாயமாக்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டு முதல் நோயாளிக்கு ஊட்டவுணவின்பொருட்டு உதவித்தொகை வழங்கப்பெறுகின்றது. அறிவிப்பும் உதவியும் ஒருங்கு நிற்றல் நல்ல அறிகுறியாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, பள்ளிச் சிறாரைச் சோதித்தல் என்பது அச்சிறாரைப் பற்றி மட்டும் அறிதல் அன்று. அவர்களைச் சூழ்ந்த வயது வந்தோரைப் பற்றி அறிதலாகும். இவ்வுண்மை 1907 ஆம் ஆண்டுச் சோதனையிலேயே பொதிந்து கிடந்தும், பேரியக்கங்களின் விரைவில் மறக்கப்பட்டது. இரண்டாவது, கண்டறிந்தபின் செய்யத்தக்க உதவி இல்லாதபோது சோதனை பிரிவினையாக முடிகின்றது. உதவி உள்ளபோதுதான் அது காப்பாகின்றது. மூன்றாவது, எளிதில் கூட்டத்தக்கார் என்பதனாலேயே ஒருவரிடம் இசைவு கேளாது விடுதல் ஆகாது. பள்ளிச் சிறார் நம் ஏவலுக்கு இணங்குவர். அவ்விணக்கமே அவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் விளக்கிக் கூறும் கடமையை நம்மேல் சுமத்துகின்றது.

'கிருமி உள்ளது, ஆயினும் நோய் இல்லை' என்னும் தொடரை ஒரு தாய்க்கு விளங்குமாறு அவள் மொழியில் சொல்லும் ஆற்றல் ஊடுகதிர்க் கருவிக்கு இல்லை, அது மொழிக்கே உரியது. மருத்துவ நூலாரும் தமிழ் நூலாரும் கூடிச் செய்யத்தக்க பணி இஃதாகும். எண்ணற்ற பெயர்களால் இந்நோயை அஞ்சி அழைத்த மொழி, அச்சமின்றி அதனைப் பேசுதற்குரிய சொற்களையும் தரவல்லது.